பொருள் விளங்கிய உருண்டை

அக்கா பையனுக்குத் திருச்சியில் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலிலும் இடம் கிடைத்தது. ஒரு நாள் பாயசம். மறுநாள் காலையில் சண்டை. பெட்டியில் என்னென்ன வைப்பது என்று.

2024-ம் வருஷம், ஆடி பிறந்து ஒரு வாரம். ஆடியில் நல்ல காரியம் ஆரம்பிக்கக் கூடாது என்பார்கள். காலேஜ்காரர்களுக்கு ஆடியும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. நான் சென்னையிலிருந்து இரண்டு நாள் கேஷுவல் லீவில் போயிருந்தேன். ('எதுக்கு சார் லீவு?' என்று மேனேஜர் கேட்டார். 'பெட்டி கட்டணும் சார்' என்றேன். டிரான்ஸ்ஃபர் கேட்கப் போகிறேனோ என்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.)

கூடத்தில் ஒரு பக்கம் அக்கா. அவளைச் சுற்றி இட்லி மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய். ஒரு சின்ன மளிகைக் கடையே திறக்கலாம். இன்னொரு பக்கம் பையன், கையில் செல்போன். சீனியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிஸ்ட். எண்ணிப் பார்த்தேன், 57 அயிட்டம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆரம்பித்து ரூம் ஸ்ப்ரேயில் முடிந்தது.

"ஊறுகா எல்லாம் வேணாம்மா. மானம் போகும்."

"ஊறுகா இல்லாட்டி உயிரே போகும்டா. மானம் போனா பரவால்ல."

திண்ணையில் அத்தான். அவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். வயலில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் விஷயமே.

எங்கள் ஊர் கொரடாச்சேரிக்கு உள்ளே மூன்று மைல். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை வந்து, அங்கிருந்து ஆறு ஆறாய்ப் பிரிந்து, கடைசியில் எங்கள் வாய்க்காலுக்கு வரும். வந்தால் குறுவை. வராவிட்டால் திண்ணை. அந்த வருஷம் அணையில் போதுமான தண்ணீர் இல்லை. ஜூன் 12 போனது, ஜூலையும் போய்க்கொண்டிருந்தது. போர் செட் வைத்திருந்தவர்கள் நட்டுவிட்டார்கள். அத்தான் வாய்க்காலை நம்பினவர்.

"மாப்ள, இந்த வீட்டுல ஹாஸ்டல்ல இருந்து படிச்சவன் நீ ஒருத்தன்தான். என்ன வேணும்னு நீயே சொல்லி முடிச்சு வுடு" என்றார், வயலைப் பார்த்தபடியே.

இரண்டு கட்சியும் என்னைப் பார்த்தன. நான் பரணைப் பார்த்தேன். அங்கே என் பழைய பச்சை டிரங்குப் பெட்டி இருந்தது.

அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லாமல் லிஸ்ட் போட முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

1989. தஞ்சாவூரில் ஒரு காலேஜில் எனக்கு இடம். அப்பா கீழவாசல் போய் டிரங்குப் பெட்டி வாங்கி வந்தார். மூடியில் வெள்ளை பெயின்டில் என் பேர், அப்பா பேர், தெரு, ஊர், 'வழி: கொரடாச்சேரி' என்று ஒரு மணியார்டர் ஃபாரம் அளவுக்கு எழுதவைத்தார். பெட்டி தொலைந்தாலும் வீடு வந்து சேர்ந்துவிடுமாம்.

"பொட்டி வந்துடும். புள்ள தொலைஞ்சா?" என்றாள் அம்மா.

"பொட்டி மேலயே உக்காந்திருக்கச் சொல்லு."

உள்ளே வைத்ததைச் சொல்கிறேன். சட்டை நாலு, பேன்ட் இரண்டு, கைலி இரண்டு. எவர்சில்வர் தட்டு, டம்ளர், இரண்டிலும் பேர் வெட்டியது. சீயக்காய்த் தூள் ஒரு டப்பா. தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் (பஸ்ஸிலேயே கசிந்து, முதல் செமஸ்டர் முழுக்க என் ஃபிசிக்ஸ் நோட்டுக்குத் தலை வாரிவிட்டது). ஜமுக்காளம், இலவம்பஞ்சுத் தலையணை, வாளி, திண்டுக்கல் பூட்டு. ஒரு டின் முறுக்கு. ஒரு டின் பொருள்விளங்கா உருண்டை.

பொருள்விளங்கா உருண்டை தெரியாதவர்களுக்கு: அரிசி, பயத்தம்பருப்பு எல்லாம் வறுத்து மாவாக்கி, வெல்லப்பாகு ஊற்றிப் பிடிப்பது. எங்கள் அம்மா பிடித்தால் ஒரு தினுசு. சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் சேதம். ஆனால் மாசக்கணக்கில் கெடாது. கெட்டுப்போக பூச்சிக்கும் பல் வேண்டுமே!

கடைசியாக அப்பா ஒரு கட்டு எடுத்து வைத்தார். 15 காசு போஸ்ட் கார்டு, 24. எல்லாவற்றிலும் விலாசம் அவரே எழுதியிருந்தார், எங்கள் வீட்டு விலாசம். மாசத்துக்கு இரண்டு. "நீ ஒண்ணும் பெருசா எழுத வேணாம். நல்லாருக்கேன்னு ஒரு வரி போதும்."

சோழன் பஸ்ஸில் பெட்டியை மேலே ஏற்றி, அப்பாவும் நானும் புறப்பட்டோம். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். நீடாமங்கலம் கேட் தெரிந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: அங்கே கேட் போட்டால் கல்யாணப் பேச்சே முடித்துவிடலாம். அப்பா இறங்கி வேர்க்கடலை வாங்கி வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடலையை உடைத்தார். மறுபடி வாயெடுத்தார். ரயில் போய், கேட் திறந்து, பஸ் நகர்ந்த பிறகு சொன்னார்:

"பாத்துக்க."

அவ்வளவுதான். 24 வயது வரை படிக்கவைக்கப் போகிறவர் சொன்ன முழு அறிவுரையும் அதுதான்.

*

ஹாஸ்டலில் முதல் நாள் ராத்திரி சீனியர்கள் 'செக்கிங்' வந்தார்கள். முறுக்கு டின் ஏழு நிமிஷத்தில் காலி. அடுத்த டின்னைத் திறந்தார்கள். என் ரூம்மேட் பட்டுக்கோட்டைக்காரன். (பேர் எதற்கு, ஹாஸ்டலில் அவன் 'பட்டுக்கோட்டை', நான் 'கொரடாச்சேரி'.) அவன்தான் முதலில் ஒன்றைக் கடித்தான். கடித்ததும் வெளிச்சத்தில் பல்லைப் பார்த்துக்கொண்டான்.

"டேய், இது திங்கறதா, பேப்பர் வெயிட்டா?"

அன்றிலிருந்து உருண்டைகள் அந்தப் பதவிக்குப் போய்விட்டன. ஃபேன் போட்டால் நோட்டு பறக்காமல் இருக்க மேஜைக்கு ஒன்று. கதவுக்கு அண்டை கொடுக்க ஒன்று. மிச்சத்தை கிரிக்கெட் விளையாட எடுத்துப்போய், பேட் பிளந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

போஸ்ட் கார்டுகளின் கதி வேறு. பட்டுக்கோட்டையிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. திருச்சி வானொலியில் நேயர் விருப்பம் கேட்போம். பேர் வர வேண்டும் என்றால் கார்டு போட வேண்டும். கார்டு யாரிடம் இருக்கிறது? அப்பா எழுதிய விலாசத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ரேடியோ நிலைய விலாசம் எழுதி, 'விரும்பிக் கேட்பவர்கள்: கொரடாச்சேரி வழி...' என்று என் பேரை முதலில் போட்டு, கீழே எட்டுப் பேர். 24 கார்டில் வீட்டுக்குப் போனது மூன்று.

ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனேன்.

அந்த வருஷம் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் தாமதம், அதனால் நடவு தாமதம், அதனால் அறுவடை நேராக ஐப்பசி மழையில் போய் மாட்டிக்கொண்டது. ரோட்டில் நெல்லைக் கொட்டி, அப்பாவும் அம்மாவும் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். வெயில் வந்தால் பரப்புவது, தூறல் விழுந்தால் குவிப்பது. ஒரே நாளில் நாலு தடவை. ஈர நெல்லை யார் வாங்குவார்கள்? இன்றைக்கும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் தகராறுதான். முளை விட்டால் அதுவும் போச்சு.

"மெஸ்ஸுக்குக் கட்டணுமாடா?" என்று அப்பா கேட்டார், கிளறுவதை நிறுத்தாமல்.

கட்ட வேண்டும். முந்தின மாச பில் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

"இப்ப ஒண்ணும் இல்லப்பா. அடுத்த மாசந்தான்."

அம்மா கேட்டாள், "உருண்டையெல்லாம் தீந்துடுச்சா?"

"எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சுதும்மா."

இந்தப் பொய்க்கு உடனடித் தண்டனை கிடைத்தது. கிளம்பும்போது இன்னொரு டின். எண்ணிச் சொன்னாள், 40.

*

ஹாஸ்டலுக்குத் திரும்பினால், மெஸ் வாசலில் நோட்டீஸ் போர்டு. 'நிலுவை' என்று தலைப்பு. கீழே பதினொரு பேர். நாலாவது நான்.

இங்கே மெஸ் கணக்கு பற்றிக் கொஞ்சம். எங்கள் ஹாஸ்டலில் டிவைடிங் சிஸ்டம். மாசம் முழுக்க ஆன அரிசி, பருப்பு, காய், விறகு, சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்டவர்கள் தலைக்கு வகுப்பார்கள். மாசம் முடிந்துதான் பில் வரும். பத்து தேதிக்குள் கட்ட வேண்டும்.

கட்டாவிட்டால்? அது எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. போர்டில் பேர் வந்துவிட்டது, இனி தட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றால் 'நீ எழுந்து போ' என்று எல்லோர் முன்னாலும் சொல்வார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். 17 வயதில் மனுஷன் பசியைத் தாங்குவான், அந்த ஒரு வரியைத் தாங்க மாட்டான்.

தீபாவளி முடிந்த மறுநாள் கந்த சஷ்டி ஆரம்பம். எனக்கு ஒரு யோசனை வந்தது.

"நான் விரதம்" என்றேன் ரூமில்.

பட்டுக்கோட்டை பயபக்தியோடு பார்த்தான். "உருண்டை?"

"அது விரத ஆகாரம்."

ஒரு நாளைக்கு ஐந்து உருண்டை. காலையில் ஒன்று, மத்தியானம் இரண்டு, ராத்திரி இரண்டு. 40-ஐ ஐந்தால் வகுத்தால் எட்டு நாள். அதற்குள் நெல் காய்ந்துவிடும், அப்பா பணம் அனுப்பிவிடுவார். இதுதான் என் டிவைடிங் சிஸ்டம். அந்த எட்டு நாளில்தான் அந்த உருண்டையின் பொருள் எனக்கு விளங்கியது. கடிக்கக் கூடாது. வாயில் அடக்கிக்கொண்டு ஒரு கிளாஸ் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். பசி, இதோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் உட்கார்ந்துவிடும். அம்மா அதை ஏன் அவ்வளவு கெட்டியாகப் பிடித்தாள் என்று புரிந்தது. நடவு நாளில் வயலில் இறங்குகிறவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போவதற்கு அப்படித்தானே பிடிக்க வேண்டும்!

எட்டாம் நாள் ராத்திரி. டின்னில் கடைசி இரண்டு. பட்டுக்கோட்டை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"டேய், ஒரு சந்தேகம். சூரனைக் கொன்னு ரெண்டு நாளாச்சு. முருகனுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. நீ இன்னும் யாருக்காகடா பட்டினி கெடக்க?"

நான் சிரிக்கப் பார்த்தேன். வேறு ஏதோ வந்துவிட்டது.

அவன் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்து, கைலியோடு, வார்டன் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனான். விஷயத்தை அவனே சொன்னான். வார்டன் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன்னைச் சாப்பிட வேணாம்னு யாரு சொன்னா?"

"போர்டுல... பேரு..."

"போர்டுல பேரு போட்டா லேட் ஃபைன்னு அர்த்தம். சோறு கிடையாதுன்னா அர்த்தம்?"

பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் போட்டார். தடியான ஃபைல். உள்ளே எல்லாம் ஒரே மாதிரி லெட்டர். வேறு வேறு கையெழுத்து, வேறு வேறு ஊர். ஒரத்தநாடு, வலங்கைமான், திருத்துறைப்பூண்டி, பாபநாசம். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'நெல் போட்டதும் கட்டிவிடுகிறேன் ஐயா.'

"பாதி ஹாஸ்டல் இந்த ஃபைல்லதான் சாப்பிடுது. நீயும் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போய்ச் சாப்பிடு."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட அவருக்கு ஆன நேரம் இரண்டு விநாடி. நான் பட்டினி கிடந்தது எட்டு நாள்.

இதில் இன்னொரு கூத்து. அடுத்த மாசம் பில் வந்தது. சாப்பிடாத எட்டு நாளுக்கும் சேர்த்து! மெஸ் கட் வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். அதையும் நான் யாரையும் கேட்கவில்லை.

பொங்கலுக்குப் போனபோது அப்பா சொன்னார்: "தீவாளிக்கு அப்புறம் உங்கிட்டேருந்து கார்டே வரலை. பயமா இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் டீக்கடை ரேடியோவுல உன் பேரு வந்துச்சு. விரும்பிக் கேட்டவருன்னு. சரி, பய பாட்டெல்லாம் கேட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்கான்னு நிம்மதியாயிட்டேன்."

தேதி கேட்டேன். சொன்னார். அன்றைக்கு நான் இருபதாவது உருண்டையில் இருந்தேன்.

அதற்கப்புறம் மிச்சமிருந்த கார்டுகளில் ஒட்டின தாளைப் பிய்த்துவிட்டு உள்ளதை எழுத ஆரம்பித்தேன். 'அப்பா, பணம் இல்லை.' பதில் வரும்: 'எனக்கும் இல்லை. நெல் போட்டதும் அனுப்புகிறேன். வார்டனிடம் சொல்லிவிடு.' இரண்டு பேருக்கும் பணம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த பிறகு எவ்வளவு நிம்மதி!

*

இந்த விஷயத்தில் நான் மட்டும்தான் அசடு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம், வேலைக்கு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணித மேதை ராமானுஜன் வாழ்க்கையைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

அவரும் எங்கள் பக்கத்துக்காரர். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர். எங்கள் ஜில்லாவிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனவர்களில் அவரை விடத் தூரம் போனவர் அந்தக் காலத்தில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். 1914 மார்ச் 17-ம் தேதி சென்னையில் 'நெவாசா' என்ற கப்பலில் ஏறினார். கேம்பிரிட்ஜ், ட்ரினிட்டி காலேஜ். கிளம்புவதற்கு முன்னால் குடுமியை எடுத்தாகிவிட்டது. கோட்டு, பேன்ட், பூட்ஸ் எல்லாம் வாங்கியாகிவிட்டது. முள்கரண்டி பிடிக்கக்கூடப் பழகிக்கொண்டார். அந்தக் கோலத்தைப் பார்த்து வருத்தப்படுவார்கள் என்று அம்மாவையும் மனைவியையும் முன்னாடியே எழும்பூரில் ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். ஆக, பேக்கிங்கில் ஒரு குறையும் இல்லை.

அங்கே போனார். குளிர் வந்தது. அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகாலனோபிஸ் (பிற்பாடு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்தவர்) ராமானுஜனுக்கு சிநேகிதர். ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று அவர் விசாரித்திருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் சால்வையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று இவர் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன! அந்த ஊர் வழக்கப்படி மெத்தையோடு சேர்த்து ஓரங்களை இறுக்கிச் செருகி, மேலே விரிப்பு போட்டு வைத்திருந்தார்கள். அதை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று இவருக்குத் தெரியாது. அத்தனை கம்பளிக்கும் மேலே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். மகாலனோபிஸ்தான் எப்படி நுழைவது என்று காட்டிக்கொடுத்தார்.

கும்பகோணத்துக்காரருக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் போர்வை என்பது கொசுவுக்காகப் போர்த்துவது. அதற்குள் நுழைவதற்கு ஒரு வழி இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

முடிவில்லாத எண்களுக்குள் புகுந்து வந்தவர், கம்பளிக்குள் புக யாரையும் கேட்கவில்லை. எனக்கும் அவருக்கும் கணக்கில் ஒரு ஒற்றுமையும் கிடையாது (அரியர் இரண்டு). ஆனால் இதில் ஒன்று. அவருக்குப் போர்வை இருந்தது, எனக்குச் சோறு இருந்தது. இரண்டு பேருமே அதற்கு மேலே படுத்துக்கொண்டு குளிரில் கிடந்தோம்.

*

பரணிலிருந்து கண்ணை எடுத்தேன். அக்கா, பையன், 57 அயிட்டம்.

லிஸ்ட் போட்டேன். ஹாஸ்டலுக்கோ மேன்ஷனுக்கோ போகிற தம்பிமார்கள் இதையே வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

பூட்டு இரண்டு, ஒன்றின் சாவியை ரூம்மேட்டிடம் கொடுத்து வைக்க வேண்டும், கட்டாயம் தொலையும். சர்ட்டிபிகேட் ஒவ்வொன்றும் பத்து ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு டஜன், ஏனென்றால் ஒரிஜினல்கள் ஆபீஸ் பீரோவுக்குள் போய்விடும். கொசுவலை. ஊசி, நூல், நாலு பட்டன். காய்ச்சல் மாத்திரை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று சரி. தண்ணீர் காய வைக்கிற காயில் பல ஹாஸ்டலில் கூடாது, கேட்டுவிட்டு எடுத்துப் போகவும். ரூம் ஸ்ப்ரே வேண்டாம், ஜன்னல் இருக்கும். ஊறுகாய் ஒரு பாட்டில் போகட்டும். மானம் அதற்கெல்லாம் போகாது, மூன்றாம் நாள் ஹாஸ்டலே அதற்குக் கியூ நிற்கும்.

"அவ்ளோதானா மாமா?"

"இன்னும் ஒண்ணு. கேக்குற வாய்."

"அது அமேசான்ல கிடைக்குமா?"

கிண்டல்! ஒரு தாளை எடுத்து எழுதி அவன் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். மெஸ் பில் கட்டத் தாமதமானால் என்ன செய்வார்கள்? மெஸ் கட் எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும்? என்ன ஸ்காலர்ஷிப் இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும்? உடம்பு முடியாவிட்டால் ராத்திரியில் யாரை எழுப்புவது? க்ளாஸில் புரியாவிட்டால் எந்த நேரத்தில் வாத்தியாரைப் பார்க்கலாம்? போன முதல் வாரத்துக்குள் ஐந்தையும் கேட்டுவிட வேண்டும். முதல் வாரத்தில் கேட்டால் புதுப் பையன், பாவம் என்பார்கள். ஆறு மாசம் கழித்துக் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்கள். கேள்வி ஒன்றுதான், முதல் வாரத்தில் கேட்டால் செலவு கம்மி. புதிதாக ஆபீஸில் சேருகிறவர்களுக்கும் இதே ரேட்.

அத்தான் திண்ணையிலிருந்து எழுந்து வந்து அந்தத் தாளை ஒரு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பப் போய் உட்கார்ந்தார். என்ன யோசித்தார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பஸ் ஏற்றும்போது பையன் தோளைத் தட்டி, "பாத்துக்க" என்றார்.

*

அந்த வாரமே ஜூலை 28-ல் மேட்டூர் திறந்தது. 30-ம் தேதி அணை 120 அடி நிரம்பி, உபரி கொள்ளிடத்தில் பெருக்கெடுத்தது. ஜூன் முழுக்க ஒரு குடம் தண்ணீருக்கு ஏங்கின ஜனம், ஆகஸ்டில் வெள்ளத்தை வேடிக்கை பார்த்தது. காவிரிக்கு எப்போதுமே கேட்கிற நேரத்தில் கொடுக்கிற பழக்கம் கிடையாது. குறுவைப் பருவம் தாண்டிவிட்டது. அத்தான் சம்பாவுக்குக் காத்திருந்தார்.

ஆகஸ்ட் 9-ல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் ஆரம்பித்தது. அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலும் ஆறாவதிலிருந்து படித்து காலேஜ் போகும் பையன்களுக்கு மாசம் 1000 ரூபாய். நாலு நாள் கழித்து பையன் போன்.

"மாமா, ஆபீஸ்ல கேட்டேன். எனக்கு உண்டாம். ஆதாரோட சேர்ந்த பேங்க் அக்கவுன்ட் வேணுமாம், குடுத்துட்டேன்."

"சபாஷ்!"

"ஃபேன் ஓடலை. வார்டன்கிட்ட கேட்டேன், மாத்திட்டாங்க."

"பலே!"

"மெஸ் அட்வான்ஸ் கட்ட இன்னைக்குக் கடைசி தேதி. டைம் கேட்டேன். பத்து நாள் குடுத்திருக்காரு."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முப்பத்தைந்து வருஷம் முன்னால் எனக்கு வராத வாய், இவனுக்கு ஒரே மாசத்தில் வந்துவிட்டதே!

"அப்பாகிட்ட சொன்னியாடா?"

"சொன்னேன் மாமா. அப்பா, 'எங்கிட்ட இல்லடா'ன்னு உள்ளதைச் சொல்லிட்டாரு. அவரு இதுவரைக்கும் அப்படிச் சொன்னதே இல்ல. நீங்க ஒட்டுன தாளை அன்னைக்குப் படிச்சாருல்ல... அதான்னு நெனைக்கிறேன்." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "மாமா... ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுடா. கேக்கத்தானே சொல்லிக்குடுத்தேன்!"

"ஒரு பதினஞ்சாயிரம் இருக்குமா? நெல்லு போட்டதும் குடுத்துடுறேன்."

அனுப்பிவிட்டேன். ஆனால் ஒன்று. கேட்கிற வாயைப் பெட்டியில் வைத்து அனுப்பும்போது, அது முதலில் யாரிடம் திறக்கும் என்று ஒரு தடவை யோசித்துவிட்டு வையுங்கள். மாசக் கடைசி வேறு!